பாலையாவுக்காக ஒரு பகல் காட்சி வேண்டும்

வன்னியில் சனசமூக நிலையம், வாசிகசாலை, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் நடத்துகிற தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

நேரே விசயத்துக்கு வருகிறேன். மாதத்தில் ஒரு நாள், பகல் இரண்டு மணிக்கு, உங்கள் மண்டபத்தில் ஒரு பழைய தமிழ்ப் படம் போடுங்கள். ஊரில் இருக்கிற வயதான பெண்களுக்காகப் போடுங்கள். அந்த மாதத்தில் யாருடைய அம்மாவுக்காவது திவசம் வந்தால், அந்த அம்மா விரும்பிப் பார்த்த படமாக அது இருக்கட்டும். தேநீர்ச் செலவு பிள்ளைகளுடையது. கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

என் அம்மா போன வருடம் காலமானார். 31ஆம் நாளுக்கு வழக்கம்போலக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடித்தோம். அட்டையில் படம், உள்ளே தேவாரம், சிவபுராணம், பின்பக்கம் வம்சாவளி, நடுவில் இரண்டு பக்கத்துக்கு வாழ்க்கை வரலாறு. இன்முகம், விருந்தோம்பல், இறைபக்தி எல்லாம் அதில் இருந்தன. பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்து வீட்டு ஆச்சியின் கல்வெட்டை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. “அம்மா டி. எஸ். பாலையாவின் ரசிகை எண்டு ஒரு வரி போடுவமே?” என்று கேட்டேன். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “கல்வெட்டிலை பாலையாவையும் நாகேசையும் போட்டாச் சனம் சிரிக்கும் பிள்ளை” என்றார். சனம் சிரிப்பது அம்மாவுக்கு நன்றாகப் பிடித்திருக்கும். ஆனால் துடக்கு வீட்டில் நின்று பெரியவர்களோடு வாதாட முடியுமா? அந்த வரி வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அம்மாவின் வயதுக்காரர் எல்லாம் எம்.ஜி.ஆர் கட்சி, சிவாஜி கட்சி என்று பிரிந்து நின்றவர்கள். அம்மா இரண்டிலும் சேரவில்லை. காரணம் கேட்டால், “அவை ரெண்டு பேரும் எப்பிடியும் வெல்லுவினம். அதிலை பாக்க என்ன கிடக்கு? பாலையா என்ன செய்வாரெண்டுதான் தெரியாது” என்பார். எம்.ஜி.ஆரும் பாலையாவும் ஒரே படத்தில்தான் சினிமாவுக்குள் வந்தார்கள், 1936இல் வந்த ‘சதி லீலாவதி’யில். ஒருவர் நாடாண்டார். மற்றவர் வில்லனாகவும் பணக்கார அப்பாவாகவும் பயந்தாங்கொள்ளியாகவும் நடித்து 1972இல் போய்ச் சேர்ந்தார். எம்.ஜி.ஆரின் படம் மாட்டிய தேநீர்க் கடைகளை நானே பார்த்திருக்கிறேன். பாலையாவின் படம் மாட்டிய கடை எங்கேயாவது இருந்திருந்தால் அம்மா அங்கேதான் தேநீர் குடித்திருப்பார்.

அம்மாவின் குடும்பம் குடியேற்றத் திட்டத்தில் வட்டக்கச்சியில் காணி பெற்று வந்த குடும்பம். காலபோக அரிவு வெட்டு முடிந்து, சூடடித்து, நெல்லு மூட்டை ஏறினால்தான் படம். உழவு மெசினின் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் சாக்கு விரித்து, பெண்களும் பிள்ளைகளும் ஏற, தாத்தா கிளிநொச்சிக்கு ஓட்டிப்போவாராம். போகும்போது பாட்டு. வரும்போது யார் சரி, யார் பிழை என்று வழக்கு. வருடத்தில் ஒன்று அல்லது இரண்டு படம். அதற்கே மிச்ச மாதங்கள் முழுக்கப் பேச்சு இருந்திருக்கிறது.

‘திருவிளையாடல்’ 1965இல் வந்த படம். அம்மா அதை முதலில் காதால்தான் பார்த்தார். கோயில் திருவிழா, கலியாண வீடு என்றால் ஒலிபெருக்கியில் அந்தப் படத்தின் கதை வசனத்தைப் போடுவார்கள்; பூவரச மரத்தில் கட்டிய குழாய் வயலுக்கு அப்பாலும் கேட்கும். நாற்று நடுகிற பெண்கள் வரிக்கு வரி கூடவே சொல்வார்களாம். அதில் பாலையா ஹேமநாத பாகவதர். பாண்டிய நாட்டுக்கே சவால் விடுகிற வித்துவான். அவர் வாயசைக்கிற பாட்டுக்குக் குரல் பாலமுரளிகிருஷ்ணா. அந்தப் பாட்டில் அவர் உட்கார்ந்திருக்கிற இருப்பை அம்மா செய்து காட்டுவார். கழுத்து ஒரு அங்குலம் நீளும், இமை பாதி மூடும். பிறகு சிவன் விறகுகாரனாக வந்து திண்ணையில் கிடந்து பாட, பாகவதர் அன்று இரவே மூட்டை கட்டுவார். அந்த இடத்தைத்தான் அம்மா திரும்பத் திரும்பச் சொல்வார். “பாட்டுத் தெரிஞ்சபடியாத்தானே தான் தோத்துப்போனனெண்டு விளங்கினது. எழும்பிப் போனான் பார், அதுதான் மனுசன்” என்பார். எங்கள் அரசியல்காரர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதும் இதையே சொல்வார். அதை இங்கே விரிக்க வேண்டாம், நீங்கள் எல்லோருக்கும் பொதுவானவர்கள்.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) விசயத்தில் அம்மா கொஞ்சம் கடுமையான ரசிகை. கோயில் வீதியில் மணலில் குந்தி விடிய விடிய மேளச்சமா கேட்டு வளர்ந்தவர். தவில் தெட்சணாமூர்த்தி பற்றி வீட்டில் நாள் முழுக்கப் பேசிய தலைமுறை. படத்தில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுச்சாமி சகோதரர்கள். சிவாஜி மூச்சுப் பிடிக்கிற விதத்தை “பிழையில்லை” என்று ஒத்துக்கொண்டார். அம்மாவின் வாயில் அது பெரிய விருது. கண் முழுக்கத் தவில்காரர் மேல். யார் தவில்காரர் என்று நான் சொல்லத் தேவையில்லை.

‘காதலிக்க நேரமில்லை’ தனிக் கதை. அதற்கு நான் 1996க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் கிளிநொச்சி இராணுவத்தின் கையில் போனபோது நாங்கள் கரடிப்போக்கு வீட்டை விட்டு அக்கராயன் பக்கம் போய், காட்டுத்தடி நட்டுக் கிடுகு வேய்ந்த கொட்டிலில் இருந்தோம். மின்சாரம் 1990இலிருந்தே இல்லை. பற்றறி தடை செய்யப்பட்ட சாமான். சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். சுற்றுகிறவனுக்குக் கை உளைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் இறங்கிவிடும். மழைக்கால இரவுகளில் எங்களுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அம்மா படம் சொல்வது. சிறீதரின் அந்தப் படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற இடம் உங்களுக்குத் தெரியும். அம்மா இருவருமாக நடிப்பார். நாகேஷாக ஒரு பக்கம் திரும்பிக் கதவு கிறீச்சிடுகிற சத்தம் போடுவார், மறுபக்கம் திரும்பிப் பாலையாவாகச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நடுங்குவார். பக்கத்துக் கொட்டில்களில் இருந்து பிள்ளைகள் வந்து குந்திவிடும். பிறகு தாய்மாரும் பிள்ளைகளைத் தேடி வருகிற சாட்டில் வந்து நிற்பார்கள். இருந்த விளக்கு ஒன்றுதான். அம்மாவின் நிழல் கிடுகில் இரண்டு மடங்கு பெரிதாக ஆடும். நான் பார்த்த முதல் திரை அதுதான் என்று சொல்லலாம்.

2002இல் வன்னியை வெளியோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்த பிறகு சீடீக்கள் வந்தன. ஜெனரேற்றர் வைத்திருந்த வீடொன்றில் அந்தப் படத்தை முதல்முறையாகப் பார்த்தேன். அம்மா சொன்ன கதையில் பாலையா பயந்து ஓடிப்போய் எங்கள் இரணைமடு வாய்க்காலுக்குள் தொப்பென்று விழுவார். படத்தில் விழவே இல்லை! திரும்பிப் பார்த்தேன். அம்மா கொஞ்சமும் அசையவில்லை. “அது வேறை கொப்பி” என்றார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அம்மாவைப் போலப் படம் சொன்ன பெண்கள் வன்னியில் இன்னும் இருக்கிறார்கள். விசுவமடுவில், முள்ளியவளையில், மல்லாவியில், துணுக்காயில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒருவராவது இருப்பார். அவர்களிடம் 2009இல் போர் முடிந்த பிறகு எத்தனையோ பேர் படிவத்தோடு வந்தார்கள். எங்கே இருந்தீர்கள், யாரை இழந்தீர்கள், எத்தனை தரம் இடம்பெயர்ந்தீர்கள், காணி உறுதி இருக்கிறதா. கேட்க வேண்டிய கேள்விகள்தான். என்ன படம் பிடிக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. போரில் போனவர்களுக்காக மே மாதத்திலும் நவம்பரிலும் நாங்கள் விளக்கேற்றுகிறோம். அது நடக்க வேண்டும். அதற்கு வெளியே, படுத்த படுக்கையில் வருத்தம் வந்து, வயது போய்ச் சாகிற ஒரு மனுசியை நினைப்பதற்கு எங்களிடம் இருப்பது கல்வெட்டும் மதியச் சாப்பாடும்தான். பாடசாலையில் ஆசிரியர் அறையில் இருந்தவர்களைக் கேட்டுப் பார்த்தேன். தங்கள் அம்மாவின் பிறசர் குளிசையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், எல்லாம் சொன்னார்கள். அந்த அம்மாவுக்குப் பிடித்த படம் என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்று பின்னேரம் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார்கள். ஒரு அம்மா மூன்று மணித்தியாலம் பேசினாராம்.

சரி, செய்முறைக்கு வருகிறேன்.

இரவில் போடாதீர்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் இருட்டினால் யானை. மற்ற இடங்களில் கடைசி பஸ், கண் தெரியாமை, தனியாக இருக்கிற வீடு. மதியம் சமைத்து வைத்துவிட்டு வந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். மண்டபத்து யன்னலுக்குக் கறுப்புத் துணி, திரைக்கு ஒரு வெள்ளை வேட்டி போதும். புரொஜெக்டர் பாடசாலைகளில் இருக்கிறது, கேட்டால் தருவார்கள். நிலத்தில் பாய் வேண்டாம். அந்த முழங்கால்கள் மடங்காது. சாயக்கூடிய கதிரை வேண்டும். சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும், படம் மங்கினாலும் பரவாயில்லை. கழிப்பறை கிட்ட இருக்க வேண்டும், தண்ணீர் இருக்க வேண்டும். இதை ஆண்கள் மட்டும் இருக்கிற நிர்வாகங்களுக்கு இரண்டு தரம் சொல்கிறேன்: தண்ணீர் இருக்க வேண்டும். இந்தப் படங்கள் மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்டப் போகும், ஆகவே நடுவில் நிறுத்திப் பிளேன்ரீயும் பணிசும் கொடுங்கள்.

கூட்டம் வைக்காதீர்கள். மங்கல விளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை என்று தொடங்கினால் பாகவதர் மதுரைக்கு வந்து சேரும் முன் எங்கள் ஆச்சிமார் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இன்னாரின் நினைவாக இந்தப் படம், அவருக்கு இதில் பிடித்த இடம் இது, என்று பிள்ளைகளில் ஒருவர் எழும்பிச் சொன்னால் போதும். படம் ஓடும்போது கதைக்க விடுங்கள். “உஷ்” என்று சொல்கிற பொடியன்களை வெளியில் நிற்பாட்டுங்கள். அந்தப் படங்கள் கதைத்துக்கொண்டு பார்க்கப்பட்டவை. முடிந்த பிறகு யாராவது படம் சொல்லத் தொடங்கினால் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

படத்தைத் தெரிவு செய்வதில் ஒரு கவனம் தேவை. வயதானவர்கள் என்றால் அழுகைப் படம் என்று நாங்களே முடிவு கட்டிவிடுகிறோம். ‘பாசமலர்’ (1961) நல்ல படம்தான். அண்ணனும் தங்கையும் கடைசியில் ஒன்றாகச் சாகிற படம். அம்மாவின் தம்பி 2009இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் எங்களை விட்டுப் பிரிந்தவர். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. தொலைக்காட்சியில் ‘பாசமலர்’ தொடங்கினால் அம்மா கோழிக்கூட்டைப் பூட்டப் போய்விடுவார், பட்டப்பகலிலும். நாங்களும் சனலை மாற்றிவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டோம். உங்கள் மண்டபத்திலும் இப்படி யாராவது எழும்பிப் போவார்கள். எந்தப் படத்தில், எந்த இடத்தில் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, நகைச்சுவைப் படத்திலும் நடக்கலாம். போக விடுங்கள். ஏன் என்று கேட்காமல் கூடப் போய் இருக்கக்கூடிய ஒரு பெண்ணை வாசலில் வைத்திருங்கள்.

“இதெல்லாம் போனிலை கிடக்குத்தானே” என்று இளம் நிர்வாகிகள் சொல்வார்கள். கிடக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற தம்பி அனுப்பிய போனில் நான் அம்மாவுக்கு எல்லாப் படமும் போட்டுக் கொடுத்தேன். பார்த்தார். “குளத்திலை குளிச்சவளுக்கு வாளித் தண்ணி வார்க்கிறாய்” என்றார். பெரிதாகப் பார்ப்பது மட்டும் இல்லை அவர் கேட்டது. பக்கத்தில் இருந்து முழங்கையால் இடிக்க ஆள் வேண்டும் அவருக்கு. பழைய படத்துக்கு யார் வருவார்கள் என்று கேட்பவர்களுக்கு இன்னொன்று. 1964இல் வந்த ‘கர்ணன்’ படத்தை 2012இல் புதுப்பித்துத் தமிழ்நாட்டில் திரும்ப வெளியிட்டார்கள். 100 நாளைத் தாண்டி ஓடியது.

அனுமதி விசயத்தைச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் முதலிலேயே கேளுங்கள். இந்தியாவில் ஒரு படத்தின் பதிப்புரிமை அது வெளியான வருடம் முடிந்து 60 வருடம் இருக்கும். ஆகவே அறுபதுகளின் தொடக்கத்தில் வந்தவை அங்கே பொதுச்சொத்து ஆகத் தொடங்கிவிட்டன. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் 70 வருடம் என்கிறது. இலவசமாகக் காட்டினாலும் பொது மண்டபத்தில் காட்டுவது வீட்டில் பார்ப்பது போல் ஆகாது. ஊருக்கு ஊர் தனித்தனியே அலையாமல், சமாசமாகச் சேர்ந்து உரிமையாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினால் இலகு. கிழவிகளுக்குப் பிளேன்ரீயோடு படம் காட்டப் போகிறோம் என்று உண்மையை எழுதுங்கள். மறுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

இந்தியப் படங்களோடு நின்றுவிடவும் வேண்டாம். எங்கள் நாட்டிலேயே ‘குத்துவிளக்கு’ (1972), ‘கோமாளிகள்’ (1976), ‘பொன்மணி’ (1977), ‘வாடைக்காற்று’ (1978) என்று தமிழ்ப் படங்கள் வந்திருக்கின்றன. வானொலி நாடகமாகக் கேட்டுச் சிரித்த கோமாளிகளைத் திரையில் பார்க்கப் போனதை அம்மா சொல்லியிருக்கிறார். நல்ல பிரதி கிடைத்தால் அவற்றுக்கும் ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

பணத்துக்கு வருகிறேன், பொருளாளர்மார் இதற்காகத்தான் இவ்வளவு நேரமும் வாசித்திருப்பீர்கள். திவசத்துக்கு நாங்கள் எப்படியும் செலவழிக்கிறோம். சிலர் முதியோர் இல்லத்துக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள். அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதில் ஒரு பங்கைத் தேநீருக்கும் பணிசுக்கும், தூரத்தில் இருக்கிற இரண்டு மூன்று பேரை ஏற்றி இறக்க ஓட்டோவுக்கும் ஒதுக்கலாம். சங்கத்தின் நிதியில் கை வைக்கத் தேவையில்லை. உங்கள் பொறுப்பு மண்டபமும் திறப்பும், பிறகு ஒரு கொப்பியும். அந்தக் கொப்பியில், ஊரில் இருக்கிற ஒவ்வொரு வயதான பெண்ணிடமும் கேட்டு, பெயருக்கு நேரே அவருக்குப் பிடித்த படத்தை எழுதி வையுங்கள். உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். அவரவர் பிறந்தநாளுக்கும் போடலாமே, திவசம் வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும்?

அம்மாவின் ஆண்டுத்திவசம் மாசியில் வருகிறது. அரிவு வெட்டுக் காலம் என்பதால் அந்தக் கிழமை வேண்டாம். நெல்லு ஏறிய பிறகு பங்குனியில் ஒரு சனிக்கிழமை தரக்கூடிய நிலையம் எது என்று அறியத் தாருங்கள். கிளிநொச்சிக்கு உள்ளே என்றால் வசதி, ஆனால் எங்கே என்றாலும் வருவேன். தேநீர், பணிஸ், ஓட்டோ மூன்றும் என் பொறுப்பு. படம் ‘காதலிக்க நேரமில்லை’. வட்டக்கச்சியில் இருந்து அம்மாவோடு மெசின் பெட்டியில் படம் பார்க்கப் போன இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்வரிசையில் சாய்கதிரை வேண்டும், ஒருவருக்கு இடது காது கேட்காது.

இப்படிக்கு,
கரடிப்போக்கில் இருந்து ஓர் ஆசிரியை